ஜன்னல் வழியே ஒரு குழாய்

ஒரு காலத்தில் நம் ஆபீசுகளில் கம்ப்யூட்டருக்குத்தான் ஏ.ஸி. மனுஷனுக்குக் கிடையாது. கண்ணாடி அறைக்குள் அது ஜிலுஜிலுவென்று உட்கார்ந்திருக்கும். நாம் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கர்ப்பக்கிரகத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி பார்ப்போம். மே மாதத்தில் அந்த அறைக்கு ஃபைல் எடுத்துக்கொண்டு போக ஆபீசே போட்டி போடும். அப்போதிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். அடுப்பு சுடும், இஸ்திரிப் பெட்டி சுடும், சரி. கணக்குப் போடுகிற மெஷின் ஏன் சார் சுட வேண்டும்?

பதில் தெரிந்துகொள்ள நான் கனடா வரைக்கும் போக வேண்டியிருந்தது.

2004 ஜனவரி. ஒட்டாவா நகரம். அக்கா மகன் அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். "எப்ப வேணா வாங்க மாமா" என்று அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னதை அப்படியே நம்பி, டிக்கெட் மலிவாகக் கிடைக்கிற மாதமாகப் பார்த்து, நானும் என் மனைவியும் போய் இறங்கிவிட்டோம். ஜனவரியில் டிக்கெட் ஏன் மலிவு என்பது ஏர்போர்ட் கதவு திறந்ததும் புரிந்தது. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடி விறைத்து ஊசி மாதிரி குத்துகிறது. ஊர் நடுவே ஓடும் ரிடோ கால்வாய் பாறையாக உறைந்து கிடக்க, அதன் மேல் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஜனங்கள் சறுக்கிக்கொண்டே ஆபீஸ் போகிறார்கள். பையில் டிபன் டப்பா வேறு!

மூன்றாம் நாள் காலை. காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். ரேடியோவில், "இன்று இரவு மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போகலாம்" என்றார்கள். என் மனைவி சால்வைக்கு மேல் இன்னொரு சால்வை போட்டுக்கொண்டாள். அவன் மனைவி பெருமூச்சு விட்டாள். அவன் மட்டும் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, போனஸ் அறிவித்த மாதிரி சிரித்தான்.

"பிரமாதம் மாமா! இன்னிக்கு ராத்திரி சூப்பரா ஓடும்."

"எது?"

"கீழ வாங்க, காட்டறேன்."

கனடா வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு மாடி உண்டு. பேஸ்மென்ட் என்பார்கள். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ், துணி துவைக்கிற மெஷின், மனைவிமார்கள் மேலே வைக்கச் சம்மதிக்காத சாமான்கள் எல்லாம் அங்கேதான். அங்கே அவன் கம்ப்யூட்டர், சட்டை கழற்றிய பயில்வான் மாதிரி மூடி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றிலிருந்து விரல் தடிமனுக்கு இரண்டு ரப்பர் குழாய்கள் கிளம்பிச் சுவரேறி, உச்சியில் இருந்த சின்ன ஜன்னலுக்குப் போயின. ஜன்னலில் கண்ணாடி இல்லை. பிளைவுட் பலகை. பலகையில் இரண்டு ஓட்டை.

"ஐ.சி.யு. பேஷன்ட் மாதிரி இருக்கேடா!"

"வெளியில போய் மிச்சத்தைப் பாருங்க."

போனேன். பனிக்குள் ஒரு கள்ளிப் பெட்டி. அதற்குள், காயலான் கடையில் பழைய காரிலிருந்து கழற்றி வாங்கிய ஹீட்டர் கோர். ரேடியேட்டருக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகில் ஒரு மின்விசிறி. பம்ப் மீன் தொட்டிக்கு வைக்கிற பம்ப். கம்ப்யூட்டரின் மூளையான அந்தச் சில்லின் தலையில் ஒரு செம்புக் கட்டி. அதற்குள் தண்ணீர் ஓடுகிறது. சில்லின் சூட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே போய், கனடாவின் குளிர்காற்றில் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. தண்ணீரைச் சும்மா சொல்லக்கூடாது. அதே அளவு காற்று சுமக்கிற சூட்டைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் சுமக்கும்.

"இத்தனையும் எதுக்குடா?"

"ஓவர்க்ளாக்கிங் மாமா!"

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். சில்லுக்குள் ஐந்து கோடிக்கு மேல் குட்டிக் குட்டி ஸ்விட்சுகள். எல்லாம் ஒரு தாளத்துக்கு ஏற்பப் போட்டு அணைத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு துளி மின்சாரம் சூடாகப் போகும். ஒரு துளிதான். ஆனால் தாளம் வினாடிக்கு 183 கோடி தடவை. என் பல வருஷ சந்தேகம் அங்கே தீர்ந்தது. கணக்குப் போடுவதென்றால் ஸ்விட்ச் போடுவது. ஸ்விட்ச் போட்டால் சூடு.

அவனுடையது ஏ.எம்.டி. கம்பெனியின் அத்லான் எக்ஸ்பி 2500 ப்ளஸ் என்ற சில்லு. போர்டு 166 என்று தட்ட, சில்லு அதைப் பதினொன்றால் பெருக்கிக்கொள்ளும். வருவதுதான் அந்த 183 கோடி. அதே போர்டை 200 என்று தட்டச் சொன்னால்? 220 கோடி. அந்த வேகத்துக்கு அதே கம்பெனி 3200 ப்ளஸ் என்று பெயர் வைத்து, பல மடங்கு விலையில் தனியாக விற்றது.

"ஒரே சில்லுதானா?"

"கிட்டத்தட்ட ஒண்ணுதான் மாமா."

பேக்கரியில் ஒரே தட்டில் வெந்த பிஸ்கட்டைப் பொறுக்கி, முழுசாக இருந்தால் பெரிய டப்பாவிலும், ஓரம் உதிர்ந்திருந்தால் சின்னப் பாக்கெட்டிலும் போடுவார்களே, அந்த மாதிரி. சின்னப் பாக்கெட்டுக்குக் கிராக்கி ஜாஸ்தி என்றால் முழு பிஸ்கட்டையும் அதிலேயே போட்டு அனுப்பிவிடுவார்கள். சின்னப் பாக்கெட் வாங்கி முழு பிஸ்கட் தேடுகிறவர்களுக்குத்தான் ஓவர்க்ளாக்கர் என்று பெயர். 1998 ஆகஸ்டில் இன்டெல் விட்ட செலரான் 300ஏ இந்தக் கூட்டத்துக்குக் குலதெய்வம் மாதிரி. 149 டாலர் சில்லு. தாளத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் போய் 450 வரும். அதே நாளில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-வின் விலை அறுநூறு டாலருக்கு மேல்! மிச்சமாகிற பணத்தைப் பார்த்தால் நமக்கே கை துறுதுறுக்கும்.

ஆனால் ஓசியில் எதுவும் வராது. தாளத்தைக் கூட்டினால் ஸ்விட்சுகள் பின்தங்கும். பின்தங்காமல் இருக்க வோல்ட்டேஜைக் கூட்ட வேண்டும். தாளம் கூடினால் சூடு அதே விகிதத்தில்தான் கூடும். வோல்ட்டேஜ் கூடினாலோ அதன் வர்க்கமாகக் கூடும். இவன் 220 கோடியோடு நிற்கவில்லை. 1.65 வோல்ட்டை 1.85 ஆக்கி, 250 கோடிக்குக் குறி வைத்திருந்தான். 68 வாட் சில்லு 115 வாட் அடுப்பாகிவிடும். நூறு வாட் பல்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதற்கும் மேலான சூடு, கட்டைவிரல் நகத்தளவு இடத்தில்! சூடு ஏறினால் ஸ்விட்சுகள் மே மாதத்து குமாஸ்தா மாதிரி மந்தமாகிவிடும். அணைத்த பிறகும் மின்சாரம் கசியும். கசிந்தால் இன்னும் சூடு. அதனால்தான் குளிரைப் பார்த்து அவனுக்கு அத்தனை குஷி.

"சரி, இவ்வளவு வேகத்தை வச்சு என்ன பண்றே?"

"பை கணக்குப் போடுவேன் மாமா. பத்து லட்சம் தானம் வரைக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"போட்டு?"

"எத்தனை வினாடி ஆச்சுன்னு பார்ப்பேன்."

எங்கள் கணக்கு வாத்தியார் இருபத்திரண்டின் கீழ் ஏழு என்று ஒரே வினாடியில் முடித்துவிடுவார். அவருக்குக் குழாயும் தேவைப்பட்டதில்லை.

அப்போது அவன் மனைவி துணிக் கூடையோடு இறங்கி வந்தாள். எனக்குப் பின்னாலிருந்து, சாட்சி சொல்கிறவள் மாதிரி பேசினாள்.

"மாமா, நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்தப் பக்கம் பாருங்க, ஃபர்னஸ். மாசா மாசம் காசு கொடுத்து சூடு வாங்கறோம். அந்தப் பக்கம் இவர் வீட்டுக்குள்ள வர்ற சூட்டைக் குழாய் போட்டு வெளியில ஊத்தறார். அந்த ஓட்டை வழியா குளிர் வேற உள்ள வருது. ஊர்ல யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"115 வாட்தானே..." என்று அவன் இழுத்தான்.

"நாள் முழுக்க ஓடினா மூணு யூனிட்டுக்குக் கிட்ட வருது. நான் கணக்குப் பண்ணிட்டேன். பத்து லட்சம் தானம் தேவைப்படல."

அவன் பதில் சொல்லாமல் ஒரு ஸ்க்ரூவை முறுக்கினான். கல்யாணமானவர்களுக்கு அந்த முறுக்கு தெரியும்.

அவள் அன்று பேஸ்மென்டில் கேட்ட கேள்வியைப் பிற்பாடு பெரிய பெரிய கம்பெனிகளும் கேட்டுக்கொண்டன. அதே 2004-ல் டொரான்டோவில் ஒரு காரியம் செய்தார்கள். ஒன்டாரியோ ஏரிக்குள் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குக் குழாய் போட்டு, 83 மீட்டர் ஆழத்திலிருந்து நாலு டிகிரி தண்ணீரை இழுத்து வந்தார்கள். அதன் குளிர்ச்சியைக் கைமாற்றி வாங்கி, நகரத்துக் கட்டிடங்களுக்கு ஏ.ஸி. போடுகிறார்கள். தண்ணீரும் வீணாவதில்லை. ஊர்க் குடிநீராகப் போகிறது. கூகுள் ஃபின்லாந்தில் ஒரு பழைய காகித ஆலையை வாங்கி, கடல் தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டர் கூடத்தை 2011-ல் திறந்தது. ஃபேஸ்புக் 2013-ல் ஸ்வீடனின் லூலியோவில், வட துருவ வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே, வெளிக்காற்றை உள்ளே விட்டே குளிர வைக்கும் கூடத்தைத் திறந்தது. நம் பையனின் பிளைவுட் ஓட்டைதான். கொஞ்சம் பெரிது.

அதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஸ்டாக்ஹோம்தான். அங்கே கம்ப்யூட்டர் கூடங்கள் வெளியே தள்ளுகிற சூட்டை விலைக்கு வாங்கி, குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். இந்தச் செய்தியைப் படித்ததும் அவளுக்குத்தான் முதலில் ஃபோன் போட்டேன். "நான் அன்னிக்கே சொன்னேனே மாமா" என்றாள்.

வேகப் பந்தயமும் எங்கேயோ போய்விட்டது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைச் சில்லின் தலையில் ஊற்றினார்கள். போதவில்லை என்று மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்துக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் ஒரு இன்டெல் சில்லு வினாடிக்கு 910 கோடியைத் தாண்டியது. ஆனால் கடையில் வாங்குகிற சில்லுகள் நாலு, ஐந்து, மிஞ்சினால் ஆறு கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிட்டன. காரணம் இதே சூடுதான். ஒரே ஆளை ஓட ஓட விரட்டினால் மயக்கம் போட்டு விழுகிறான் என்று தெரிந்து, ஒரு சில்லுக்குள் நாலு ஆள், எட்டு ஆள் என்று வேலைக்கு வைத்துவிட்டார்கள். இப்போதைய சில்லுகள் தன் சூட்டைத் தானே தொட்டுப் பார்த்து, தெம்பு இருக்கிற வரை தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளவும் செய்கின்றன. பையன்கள் திருட்டுத்தனமாகச் செய்ததை இப்போது கம்பெனியே செய்து அனுப்புகிறது.

இருக்கட்டும். ஒட்டாவாவுக்குத் திரும்புவோம். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

அக்கா 2001-ல் போய்விட்டாள். கும்பகோணத்து வீட்டைக் காலி செய்தபோது அவளுடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. அறுபது நிமிஷக் கேசட். மேலே அவள் கையெழுத்தில் மகன் பெயரும், 1994 என்றும் இருந்தது. வெளிநாட்டுக்கு ஃபோன் பேசினால் நிமிஷத்துக்கு நிமிஷம் வயிறு எரிந்த காலம் அது. அதனால் பிள்ளைகளுக்குக் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, போகிறவர்கள் வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார்கள். இது அனுப்பாமலே தங்கிவிட்டது. கொண்டுபோக ஆள் கிடைப்பதற்குள் அவனே லீவில் வந்திருப்பான். அதை மட்டும் சூட்கேஸில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன்.

வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மா கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினான். அப்புறம், "கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம் மாமா. டேப் இனிமே தாங்காது" என்றான்.

"முதல்ல கேளேன்டா."

"ஏத்திட்டுக் கேக்கறேன். இரைச்சல் எல்லாம் எடுத்து, க்ளீன் பண்ணி."

பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி பழைய கேசட் ப்ளேயரை கம்ப்யூட்டரோடு இணைத்தான். சத்தத்தைக் குறைத்துவிட்டு பட்டனை அழுத்தினான். உடனே கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஹீட்டர் கோரில் பனி அடைத்துக்கொண்டதாம். அரை மணி கழித்து வந்து கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி போனான். பேஸ்மென்டில் யாருமே இல்லாமல் அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொங்கல். அவன் லீவு போட்டிருந்தான். காலையில் என் மனைவி பானை வைத்தாள். பொங்கியது. குழந்தை "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதில் புகை அலாரமும் சேர்ந்து கத்தியது. சாயந்திரம் பன்னிரண்டு பேர் விருந்துக்கு வந்தார்கள். இட்லி, சாம்பார், வடை. நாலு அடுப்பும் ஓயவில்லை. மாடி ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்துவிட்டது. குழந்தை அதில் விரலால் யானை வரைந்தாள். அவள் அம்மா துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த யானை எங்களுக்கு ஒரு எச்சரிக்கை என்று யாருக்கும் தெரியவில்லை.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிறதல்லவா? அதேதான். 21 டிகிரி வெப்பமும் 40 சதவீதம் ஈரப்பதமும் இருக்கிற அறையில், ஏழு டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும். சில்லின் தலையில் உட்கார்ந்த செம்புக் கட்டியும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

இந்த ஆபத்து அவனுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொன்றாக அடிபட்டுக் கற்றுக்கொண்டவன். முதல் வருஷம் வெறும் தண்ணீர் விட்டு, அது உறைந்து பெருத்து, ஹீட்டர் கோர் வெடித்தது. இரண்டாவதாகக் காருக்கு ஊற்றுகிற ஆன்ட்டி ஃப்ரீஸ் கலந்தான். அது விஷம், அதுவும் இனிப்பான விஷம், குழந்தை நாக்கில் வைத்தால் ஆபத்து என்று தெரிந்ததும் அவன் மனைவி கேனோடு வெளியேற்றினாள். மூன்றாவதாக அத்தனை விஷமில்லாத ப்ரொப்பிலீன் க்ளைக்கால். குளிரில் அது கெட்டியாகி, மீன் தொட்டி பம்ப் முக்கி முனகும். வியர்வை வராமல் இருக்கச் சில்லைச் சுற்றி ஸ்பாஞ்சு வைத்து, சாக்கெட் முழுக்க வாஸ்லினும் தடவியிருந்தான். அந்தக் குளிரில் என் உதடு வெடித்து ரத்தம் வந்தபோது வீட்டில் வாஸ்லின் டப்பா காலி. கம்ப்யூட்டர் உதட்டுக்குப் போய்விட்டது!

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தான். வெளியே இருக்கிற விசிறியின் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஏழு டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கென்று மேஜையில் ஒரு குமிழ், ஒரு டிகிரி மீட்டர்.

பொங்கல் ராத்திரி பதினொரு மணி. விருந்தாளிகள் போயாயிற்று. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. குமிழைக் கோடி வரைக்கும் திருப்பினான். மீட்டர் ஏழைத் தாண்டி, சைபரைத் தாண்டி, மைனஸ் ஒன்பது என்று காட்டியது. "250 கோடி தொட்டுட்டேன் மாமா!" என்று குதித்தான். அம்மா பேச்சிலிருந்து இரைச்சலை எடுக்கிற புரோகிராமை அந்த வேகத்தில் ஓட விட்டான்.

"சாதாரணமா ஒரு மணி நேரம் ஆகும். இப்ப நாப்பது நாப்பத்தஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"மிச்சமாகிற கால் மணியில என்னடா செய்யப் போறே?"

பதில் வரவில்லை. தூங்கப் போய்விட்டோம்.

காலையில் திரை கறுப்பு. ஸ்பாஞ்சைப் பிரித்தால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். வாஸ்லின் தடவாத ஓர் இடுக்கு வழியாக போர்டு நனைந்திருந்தது. மனைவியின் ஹேர் டிரையரை வாங்கி இரண்டு நாள் காய வைத்தான். பேச்சு மூச்சு இல்லை. ஆபீசுக்கு ஃபோன் செய்து உடம்பு சரியில்லை என்றான். யாருக்கு என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் உயிர் வந்தது. வேகத்தைப் பழையபடி 183 கோடியில் வைத்து, அம்மா ஃபைலைத் திறந்தான். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு வார்த்தை. மறுபடி 'கர்ர்ர்'. அப்புறம் விசில். அப்புறம் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அவன் முகம் மாறியது.

சூட்டில் ஓடுகிற சில்லு நின்றுவிட்டால்கூட நல்லது சார். நின்றது தெரியும். வரம்பு மீறி ஓடுகிற சில்லு நிற்காமல் தப்பாகவும் கணக்குப் போடும். வெளியே ஒன்றும் தெரியாது. பத்து லட்சம் தானத்தில் ஒன்று தப்பினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இவன் அவசரத்தில், சுத்தம் செய்ததைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதச் சொல்லியிருந்தான்.

"கேசட் இருக்கே!" என்றேன்.

ப்ளேயரைத் திறந்தான். கேசட் மட்டும் வந்தது. டேப் உள்ளே சிக்கிக்கொண்டு இடியாப்பமாக நீண்டது. அவன் கை நடுங்கியது. வினாடிக்கு 250 கோடி தாளத்தைக் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு டேப்பை எடுக்கத் தெரியவில்லை.

"நகருடா" என்றேன். என் காலத்து வித்தை இது. குழந்தையிடம் ஒரு பென்சில் வாங்கினேன். ஆறு பட்டைப் பென்சில்தான் வேண்டும். கேசட் பல்லில் கச்சிதமாக உட்காரும். சிக்கலை மெல்ல மெல்ல விடுவித்து, நகத்தால் நீவி, பென்சிலைச் சுழற்றிச் சுருட்டினேன். முக்கால் மணி ஆயிற்று. ஒரு சாண் நீளம் மட்டும் கசங்கிப் போயிருந்தது. கேசட் டேப் வினாடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓடும். ஒரு சாண் என்றால் அக்காவின் ஐந்து வினாடி.

மறுபடி ப்ளேயரில் போட்டோம். இந்தத் தடவை அவன் வெளியே போகவில்லை. டேப் மறுபடி சிக்கினால் உடனே நிறுத்த வேண்டுமே என்று பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தான். சத்தத்தையும் ஏற்றி வைத்தான். அறுபது நிமிஷக் கேசட் அறுபது நிமிஷம்தான் ஓடும். எந்தக் குழாய் போட்டாலும் அதை அவசரப்படுத்த முடியாது.

அக்கா பேசினாள். முதலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரேடியோவில் பேசுகிற மாதிரி சுத்தத் தமிழில் ஆரம்பித்தாள். இரண்டே நிமிஷத்தில் அது போய்விட்டது. யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பசு கன்று போட்டது, தெருவில் யார் யாரோடு பேசவில்லை. நடுவில் குக்கர் விசில். ஒரு காக்கா. "என்னக்கா, தனியாப் பேசிட்டிருக்கே?" என்று ஓர் ஆள் குரல். அட, நான்தான்! பின்னணியில் முழுக்க முழுக்கக் கூடத்து ஃபேன், 'கடக் கடக்' என்று.

கசங்கிய ஒரு சாண் இரண்டாம் பக்கத்தில் வந்தது. குரல் தண்ணீருக்குள் போன மாதிரி குழைந்து திரும்பி வந்தது. அவன் விரல் பட்டனை அழுத்தப் போய் நின்றது. டேப் தாங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னாள்:

"அங்க குளிர் ரொம்ப அதிகமாமே... ராத்திரியில வெளியில போய் நிக்காதப்பா. காதுல பஞ்சு வச்சுக்கோ. என்ன வேலையா இருந்தாலும் காலையில பாத்துக்கலாம்."

பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி இதே கேசட் இதே இடத்தில் இதைச் சொன்னபோது அவன் எங்கே நின்றுகொண்டிருந்தான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் அவனைப் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முடிந்ததும் ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நான்தான் ஆரம்பித்தேன்.

"இரைச்சலை எடுக்கணும்னியே. ஃபேன் சத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கு."

"வேணாம் மாமா. இருக்கட்டும். அது எங்க வீட்டு ஃபேன்."

அன்று சாயந்திரமே குழாய்களை உள்ளே இழுத்து, பிளைவுட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டான். ஹீட்டர் கோரை மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டான். ராத்திரி அவன் மனைவி துணிக் கூடையோடு இறங்கி வந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். குளிர்ந்த கையை அதன் விசிறிக்கு நேரே நீட்டினாள்.

"பரவாயில்லையே, கதகதன்னு இருக்கு" என்றாள்.

68 வாட்தான். போதும்.